செவ்வாயும் வெள்ளியும் அத்தான் சொன்ன ஜெபமாலை

என் அக்கா அடிவாங்கிய மாலைகளில் எங்கள் காம்பவுண்டே சேர்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தது. நானும்தான். எதிர்வீட்டில் பெல்ட்டால் அடிக்கிற சத்தம் எப்படிக் கேட்காமல் போகும் என்று என்னிடம் கேட்காத ஆளில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டார்கள், ஸ்டேஷனில் கேட்டார்கள், மில்லில் என்னோடு வேலை பார்க்கிறவர்கள் கேட்டார்கள். அவர்கள் கேட்கும்போதெல்லாம் எனக்கு அவர்களையே நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கும். கோபம் என்றால் எனக்கு மூக்கு நுனியில் நிற்கும், அது ஊரறிந்தது. ஆனால் கேள்வி நியாயமான கேள்விதான். பதில் சொல்ல வேண்டுமென்றால் எங்கள் காம்பவுண்டில் ஜெபமாலை நடக்கிற விதத்திலிருந்து தொடங்க வேண்டும்.

நத்தம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் எங்கள் காம்பவுண்டு. நடுவில் சிமெண்டு முற்றமும் ஒரு அடிகுழாயும். இரண்டு பக்கமும் எதிரெதிராக ஓட்டு வீடுகள். ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் எல்லா வீட்டிலும் தும்முவார்கள். அத்தனை பேரும் கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கக் குடும்பங்கள். அக்டோபர் மாதம் மட்டும் மாதா சுரூபத்தை வீடு வீடாகக் கொண்டுபோய் வைத்து, எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து ஜெபமாலை சொல்வோம். மற்ற மாதங்களில் அப்படிக் கூடி உட்கார யாருக்கும் நேரம் கிடையாது. அதற்காக விட்டுவிடவும் மனசு வராது. அதனால் எங்களுக்கென்று ஒரு ஏற்பாடு வைத்திருந்தோம்.

மாலை ஏழு மணிக்கு, அன்றைக்கு முறையுள்ள வீட்டிலிருந்து ஒருவர் உரக்க முன்பாதியைச் சொல்வார். "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று தொடங்கி இயேசுவின் பெயரோடு முடிப்பார். பின்பாதி மற்ற வீடுகளுக்கு. தோசை ஊற்றுகிறவள் அடுப்படியிலிருந்தும், துணி மடிக்கிறவள் கட்டிலிலிருந்தும், "புனித மரியே, இறைவனின் தாயே" என்று பதில் கொடுப்பார்கள். அது முடியும்வரை முன்பாதிக்காரர் காத்திருந்து அடுத்த மணியைத் தள்ளுவார். மணி உருட்டுகிற வேலையும் எண்ணுகிற வேலையும் அவருடையது. எங்களுக்குக் கை ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். முன்பாதி காதில் விழுந்தால் பின்பாதி தானாக வரும். தூக்கத்தில் எழுப்பிச் சொன்னாலும் வரும். சின்ன வயதிலிருந்து நாக்கு அப்படிப் பழகிவிட்டது.

செவ்வாயும் வெள்ளியும் அத்தானுடைய முறை. அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். அக்கா வீடு எங்களுக்கு நேர் எதிர்வீடு. நானும் அம்மாவும் இந்தப் பக்கம், அவளும் அவரும் அந்தப் பக்கம். மகள் கண்ணெதிரே இருக்கிறாள், கட்டிக்கொடுத்த மாதிரியே இல்லை என்று அம்மாவுக்கு அப்படி ஒரு பெருமை.

பெருமைப்படத் தக்க மருமகன்தான். லேத் பட்டறையில் மேஸ்திரி. குடி கிடையாது, பீடி கிடையாது. தெருவில் நடந்தால் தலை நிமிராது. எங்கள் அன்பியத்துக்கு, அதாவது பத்திருபது குடும்பம் சேர்ந்து ஜெபம் செய்கிற குழுவுக்கு, அவர்தான் தலைவர். அவர் குரலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கனமாக, நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் எடை போட்டுச் சொல்வார். "உன் வீட்டுக்காரர் சொன்னா மாதாவே எறங்கி வந்து கேப்பா" என்று பக்கத்துவீட்டு அக்கா என் அக்காவிடம் சொல்வாள். அக்கா சிரிப்பாள். அந்தச் சிரிப்பை நான் சரியாகப் பார்த்ததில்லை.

ஜெபமாலை தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதில் பத்துப் பத்து மணிகளுக்கு ஒரு சம்பவத்தை அறிவித்துவிட்டு அதை மனதில் நினைத்துக்கொண்டே சொல்ல வேண்டும். மகிழ்ச்சிக்குச் சில நாள், மகிமைக்குச் சில நாள், ஒளிக்கு ஒரு நாள். துயரத்துக்கு உரியவை செவ்வாயும் வெள்ளியும். ஆண்டவர் இரத்த வியர்வை சிந்தியது, கற்றூணில் கட்டுண்டு அடிபட்டது, முள்முடி சூட்டப்பட்டது என்று போகும். ஆகவே அத்தான் முறையில் எப்போதும் துயரம்தான். எங்கள் யாருக்கும் அதில் சந்தேகப்பட ஒன்றுமே இல்லை.

கொரோனா வந்து ஊரடங்கு போட்டார்களே, அப்போது கோயிலும் கிடையாது, கூட்டமும் கிடையாது. மற்ற தெருக்களில் இருக்கும் குடும்பங்களும் சேர்ந்து சொல்லட்டும் என்று அத்தான் ஒரு வெள்ளிக்கிழமை தன் குரலில் ஜெபமாலையைப் போனில் பதிவுசெய்து அன்பியம் வாட்ஸப் குழுவில் போட்டார். முன்பாதி மட்டும். ஒவ்வொரு முன்பாதிக்குப் பிறகும் கேட்கிறவர்கள் பதில் சொல்லி முடிக்கிற அளவுக்கு இடைவெளி விட்டிருந்தார். என்ன ஒரு யோசனை என்று எல்லோரும் மெச்சினார்கள். பங்குச் சாமியார்கூடப் பாராட்டினார் என்று கேள்வி. ஊரடங்கு முடிந்ததும் அந்தப் பதிவை நாங்கள் மறந்துபோனோம். அவர் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு செவ்வாயும் வெள்ளியும் அக்கா வீட்டுக் கதவு ஏழு மணிக்குச் சாத்தியிருக்கும். கொசு வருகிறது என்றார்கள். உள்ளேயிருந்து அத்தானின் குரல் முன்பைவிடக் கணீரென்று வரும். நாங்கள் பதில் கொடுப்போம். மறுநாள் அக்கா கை மூடிய நைட்டியில் குழாயடிக்கு வருவாள். சித்திரை வெயிலிலும் அதே நைட்டி. ஒரு தடவை கன்னம் வீங்கியிருந்தது.

"என்னக்கா இது?" என்றேன்.

"கடவாப்பல்லு. வேலயப் பாருடி."

எரிந்து விழுந்தாள். எனக்கும் சுருக்கென்று கோபம் வந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். எல்லோரையும் வாயால் கிழிக்கிறவள் நான். அன்றைக்கு இன்னும் ரெண்டு வார்த்தை கேட்டிருந்தால் என்ன கொறைஞ்சா போயிருப்பேன்?

அந்த ஈஸ்டர் ஞாயிறுக்கு அத்தானே அய்யலூர்ச் சந்தைக்குப் போய் வெள்ளாடு பிடித்து வந்து, கறி போட்டு, காம்பவுண்டில் எல்லோருக்கும் பங்கு கொடுத்தார். காலையில் பூசை முடிந்து அவரவர் வீட்டில் பிரியாணி கொதித்தது. அக்கா சீக்கிரமே ஆக்கிவிட்டாள். ஒரு தட்டு நிறையப் போட்டு மேலே முட்டையும் வைத்து, நைட்டிமேல் போட்டிருந்த துண்டால் மூடி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

"மொதத் தட்டு. சூடா இருக்கையிலே சாப்பிடு. நான் வாரேன்," என்று அவசரமாகத் திரும்பிப்போனாள். அவளுக்குப் பின்னால் அவர்கள் கதவு சாத்தியதைப் பார்த்தேன்.

நான் வாசற்படியில் உட்கார்ந்து பிசைந்து ரெண்டு வாய் வைத்திருப்பேன். எதிர்வீட்டிலிருந்து ஜெபமாலை ஆரம்பித்தது. பட்டப்பகலில், ஞாயிற்றுக்கிழமையில், சாப்பாட்டு நேரத்தில்.

"ஈஸ்டருக்கு நன்றியாச் சொல்றாரு போல," என்றாள் அம்மா. கறிச்சட்டியைக் கிளறிக்கொண்டே அவள் வாய் பதில் சொல்லத் தொடங்கிவிட்டது. பக்கத்து வீடு, கடைசி வீடு, எல்லா வீடும் சேர்ந்துகொண்டன. வாயில் சோற்றை வைத்துக்கொண்டு நானும் முணுமுணுத்தேன். பிறகுதான் அவர் அறிவித்தது உறைத்தது. இரத்த வியர்வை. ஈஸ்டர் அன்றைக்கு!

நாற்பது நாள் தவக்காலம் முழுக்கத் துயரத்தையே சொல்லிக் கும்பிடுகிற ஆட்கள்கூட ஈஸ்டரன்று மகிமைதான் சொல்வார்கள். உயிர்த்தெழுந்த நாளில் யாராவது ஆண்டவரைத் திரும்பவும் பிடித்து அடிப்பார்களா? அம்மாவுக்குத் தாங்கவில்லை. "மனுசன் அசந்து சொல்லிட்டாரு. யாராச்சும் சொன்னாத் தேவல," என்று உள்ளேயிருந்து புலம்பினாள். அதற்குள் அவர் இரண்டாவதை அறிவித்துவிட்டார். கற்றூண்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிரியாணி மனுசனுக்கு மண்டைக்கு ஏறிவிட்டது, பெரிய தலைவர் இன்றைக்கு வசமாக மாட்டினார் என்று நினைத்தேன். எழுந்து போய்க் கதவைத் தட்டச் சோம்பல். இடது கையால் போனை எடுத்து அத்தானைக் கூப்பிட்டேன். "அத்தான், ஆண்டவர அவுத்துவிடுங்க, அவரு உசுரோட எந்திரிச்சுட்டாரு" என்று சொல்ல வேண்டும் என்று வாயில் தயாராக வைத்திருந்தேன்.

"பெண்களுக்குள் ஆசி" என்ற இடத்தில் அவர் குரல் நின்றது. அந்தக் குரல் வந்த இடத்திலிருந்தே, அதே கணீரோடு, போன் மணி அடித்தது. காம்பவுண்டு முழுக்கக் கேட்கிற மாதிரி, புளூடூத் ஸ்பீக்கர் பெட்டியில். பதில் சொல்ல வாயைத் திறந்திருந்த பெண்கள் அப்படியே நின்றார்கள். மணி மறுபடி அடித்தது. யாரோ வெடுக்கென்று அதை வெட்டிவிட்டார்கள்.

உடனே அத்தானின் குரல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. "பெற்றவர் நீரே." மூச்சு வாங்கவில்லை, தடுமாறவில்லை. முன்பாதியை முழுசாகச் சொல்லி முடித்து, எங்களுக்கு இடைவெளி விட்டது.

யாரும் பதில் சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் கேட்டது. விளாசுகிற சத்தம். துணி அடைத்த வாயிலிருந்து ஒரு முனகல். மறுபடி விளாசல். பிறகு அந்தக் குரல் சாந்தமாக அடுத்த மணிக்குப் போனது.

முற்றத்தை எப்படித் தாண்டினேன் என்று தெரியவில்லை. கதவு உள்தாழ்ப்பாள். உதைத்தேன். பக்கத்துவீட்டு அக்கா நல்ல கனமான உடம்புக்காரி, தோளைக் கொடுத்து மோதினாள். ரெண்டாவது மோதலில் தாழ்ப்பாள் பிய்ந்து கதவு சுவரில் போய் அடித்தது. உள்ளே பாய்ந்த நான் வழுக்கி விழுந்தேன். தரையெல்லாம் மணிகள். அக்கா கழுத்தில் போட்டிருந்த ஜெபமாலை அறுந்து சிதறியிருந்தது.

அவள் கட்டிலுக்கும் கிரைண்டருக்கும் நடுவில் குப்புறக் கிடந்தாள். வாயில் துண்டு. முதுகில் நைட்டி கிழிந்து, தோலோடு ஒட்டியிருந்தது. அவள் முடியை ஒரு கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் பெல்ட்டோடு அவர் நின்றார். பெட்டியில் அவரே ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இது குடும்ப விசயம். வெளிய போங்க," என்றார். அப்போதும் குரல் உயரவில்லை.

எழுந்தேன். தட்டு இன்னும் என் கையில்தான் இருந்தது. எவர்சில்வர் தட்டு. அதன் விளிம்பால் அவர் முகத்தில் அடித்தேன். புருவம் பிளந்தது. மறுபடி அடித்தேன். மூக்கு உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது, நல்லாக் கேட்டது, சந்தோஷமாக இருந்தது. இதை நான் கோயிலில் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவில்லை, சொல்லப்போவதுமில்லை. தட்டில் ஒட்டியிருந்த பிரியாணியும் இரத்தமும் அவர் வெள்ளைச் சட்டையில் வழிந்தன. பெல்ட்டை ஓங்கினார். பக்கத்துவீட்டு அக்கா அந்தக் கையைப் பிடித்து முறுக்கிக் கடித்தாள். பின்னாலேயே மற்றவர்கள் வந்தார்கள். கரண்டி, விளக்குமாறு, செருப்பு, எது அகப்பட்டதோ அது. சட்டையைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தோம். அடிகுழாயில் அவர் தலை மோதியது. "மாதாவே, மாதாவே" என்று கத்தினார். அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வர வர எங்களுக்கு வெறி ஏறியது. ஆம்பளைகள் கையில் எச்சிலோடு அவரவர் வாசலில் நின்று பார்த்தார்கள்.

உள்ளே அந்தப் பெட்டி முள்முடியை அறிவித்தது. கடைசி வீட்டுப் பெண் போய் அதை அம்மிக்கல்லால் நசுக்கினாள்.

பெரியாஸ்பத்திரியில் அக்காவுக்கு விலா எலும்பு ஒன்று விரிசல் விட்டிருப்பதாகச் சொன்னார்கள். இடது காதில் சவ்வு கிழிந்து வெகுநாளாகிவிட்டது, சீழ் வைத்திருக்கிறது, இனி அந்தக் காது தேறாது என்றார்கள். வெகுநாள் என்ற சொல்லைக் கேட்டு அம்மா சுவரில் சாய்ந்தாள். மொதத் தட்டை எங்களுக்குக் கொண்டுவந்ததற்குத்தான் அன்றைக்கு அடி. அவர் சாப்பிடுவதற்கு முன்னால் எடுத்துவிட்டாளாம்.

இதற்குப் பிறகு அக்கா அந்த வீட்டுக்குத் திரும்புவாள் என்று யாராவது நினைப்பார்களா? எல்லோரும் நினைத்தார்கள். ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்த மை காய்வதற்குள் அன்பியத்துப் பெரியவர்கள் கிளம்பி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அத்தானையும் கூட்டி வந்தார்கள். மூக்கில் பிளாஸ்திரி. கையில் வேளாங்கண்ணியில் வாங்கிய பெரிய மர ஜெபமாலை. எங்கள் வீட்டுக் கூடத்தில் என் அக்கா முன்னால் முட்டிபோட்டு, ஜெபமாலையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.

"இது மேல சத்தியம். இனிமே கை நீட்ட மாட்டேன்."

வந்தவர்களில் ரெண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கு அந்த மாலையைப் பிடுங்கி அவர் தொண்டையில் திணிக்க வேண்டும் போலிருந்தது. பெரியவர் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"கல்யாணங்கிறது தேவதிரவிய அனுமானம், ஆண்டவர் போட்ட முடிச்சு. இன்னைக்கு அறுத்துட்டா நாளைக்கு ஒட்டாது. ரெண்டு பேரும் தெனமும் ஒண்ணா ஒக்காந்து ஜெபமாலை சொல்லுங்க. மாதா பாத்துக்குவா."

"போயிரு தாயி," என்றாள் அம்மா. அழுதுகொண்டே சொன்னாள். "எதுத்த வீடுதான. நான் பாத்துக்கிறேன்."

"இம்புட்டு நாளும் நீ எதுத்த வீட்டுலதானம்மா இருந்த?" என்று நான் கத்தினேன். பெரியவர்கள் என்னைப் பார்த்த பார்வை, தட்டால் அடித்தவள் நான்தான் என்று ஞாபகப்படுத்துகிற பார்வை. என் பேச்சு எடுபடாது என்று தெரிந்துபோனது. அவள் ஒரு வார்த்தை சரியென்றால் முடிந்தது. அப்புறம் அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து அவளை உயிரோடு மீட்க என்னால் ஆகாது. நான் அவள் வாயையே பார்த்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அக்கா பேசியதே இல்லை. கேட்டால் தலையாட்டுவாள், அவ்வளவுதான். இப்போது வலது காதுப் பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு, முட்டிபோட்டிருந்தவரைத் தாண்டி, வாசலில் கூடி நின்ற காம்பவுண்டுக்காரர்களைப் பார்த்துப் பேசினாள்.

"அவரு முன்பாதி ஓடுறப்ப அடிக்க மாட்டாரு. சத்தம் வெளிய தெரியும்ல. நீங்கள்லாம் பதில் சொல்றப்பத்தான் அடிப்பாரு. நீங்க சொல்லி முடிக்கிற வரைக்கும்."

அத்தான் தூக்கிப் பிடித்திருந்த மாலை கீழே இறங்கியது.

"நீங்க வெரசாச் சொன்னா ரெண்டு அடி. இழுத்து இழுத்துச் சொன்னா நாலு அடி. வெரசாச் சொல்லமாட்டாகளான்னு நெனச்சுக்கிட்டே கெடப்பேன். வெள்ளிக்கிழமையில நீங்க எல்லாரும் ரொம்ப பக்தியாச் சொல்லுவீக."

பக்கத்துவீட்டு அக்கா வாயைப் பொத்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள். வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. அம்மா அக்காவின் கையைப் பிடிக்கப் போய், பிடிக்காமல், கையைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள். பெரியவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். போகச் சொல்லி அதற்கப்புறம் யாரும் அவளைக் கேட்கவில்லை. அத்தான் கொஞ்ச நேரம் முட்டியிலேயே இருந்தார். பிறகு தானே எழுந்து போனார். கேஸ் நடக்கிறது. அவர் இப்போது ஒட்டன்சத்திரம் பக்கம் எங்கோ வேலை பார்க்கிறாராம். அங்கேயும் கோயிலில் வாசகம் வாசிக்கிறாராம்.

காம்பவுண்டில் பல மாதம் ஜெபமாலை சத்தமே இல்லை. ஏழு மணியானால் எல்லா வீட்டிலும் டிவியைக் கூட்டி வைப்பார்கள். எனக்கும் அதுதான் நிம்மதி. ஆரம்பித்தது அக்காதான். ஒரு செவ்வாய்க்கிழமை விளக்குப் போட்டதும் எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து, எனக்கோ அம்மாவுக்கோ ஒன்றும் சொல்லாமல், முன்பாதியை எடுத்தாள். அவளுக்கு நல்ல குரல் கிடையாது. காது போனதிலிருந்து தேவைக்கு மேல் கத்துவாள். உனக்கு எதுக்குடி இந்தக் கண்றாவி என்று எனக்கு ஆத்திரம் வந்தது. கேட்டும்விட்டேன்.

"அவரு சொல்லிட்டா அவருக்கு எழுதிக் குடுத்தாச்சா?" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

முதல் நாள் அம்மா மட்டும் பதில் சொன்னாள். பிறகு ஒவ்வொரு வீடாக வந்தது. கதவுகளை எல்லோரும் திறந்தே வைத்தார்கள், யாரும் சொல்லாமலேயே. அக்கா ஒவ்வொரு பத்து மணியும் உருட்டி முடிந்ததும் நிறுத்தி, வலது காதை முற்றத்துப் பக்கம் திருப்பி, எந்தெந்த வீட்டுப் பெண் குரல் வருகிறது என்று கவனிப்பாள். வராத வீட்டுக்கு எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் மறுபடி உட்காருவாள். "குளிச்சுக்கிட்டு இருக்கா." "மில்லுக்குப் போயிட்டா." அதைச் சொல்லிவிட்டு அடுத்த மணிக்குப் போவாள்.

நடு வீட்டுக்குப் புதிதாக ஒரு குடும்பம் குடிவந்திருந்தது. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட இருக்காது. நல்ல பிள்ளைகள், சிரித்துப் பேசுவார்கள். போன மாசம் ஒரு நாள் அந்த வீட்டிலிருந்து ஆம்பளைக் குரல் மட்டும் வந்தது. கதவும் ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. அக்கா மாலையைப் படியில் வைத்துவிட்டு எழுந்தாள். நானும் எழுந்தேன். பக்கத்துவீட்டு அக்காவும் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

அந்தப் பையன் கதவிடுக்கில் நின்று சிரித்தான்.

"அவளுக்குத் தலவலிக்கா. படுத்திருக்கா."

"பரவாயில்ல தம்பி. படுத்துக்கிட்டே பதில் சொல்லட்டும். நாங்க இங்க நின்னு சொல்றோம்," என்றாள் அக்கா.

அந்த வாசலிலேயே நின்று முன்பாதியைச் சொன்னாள். மற்ற வீடுகளைப் பார்த்து, பேசாமல் இருக்கும்படி கையைக் காட்டினாள். எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம். உள்ளேயிருந்து ஒன்றும் வரவில்லை. அக்கா அசையவில்லை. அவன் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கடைசியில் உள்ளேயிருந்து அந்தப் பெண்ணின் குரல் மெல்ல வந்தது. "புனித மரியே..."

அக்கா வலது காதைக் கதவோடு வைத்து, ஆமென் வரைக்கும் முழுசாகக் கேட்டாள். பிறகு அவனை நெஞ்சில் கை வைத்துத் தள்ளினாள்.

"இது அழுத கொரலு. கதவத் தொற."